கிரேன் எங்கே நிற்கும், துண்டு எத்தனை கிலோ?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதுரை பசுமலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. 1984-இல் வீடு கட்டியபோது என் கணவர் வைத்தது. இன்று மாடியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்கு மேலேயும் படர்ந்திருக்கிறது. சித்திரையில் பெய்த இடிமழையில் ஒரு கொப்பு முறிந்து அவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்துவிட்டது. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறது. கயிறு கட்டி வெட்டித் தருவதாக ஒரு குழு 25 ஆயிரம் கேட்கிறது. ஹைட்ரா கிரேன் கொண்டுவந்து ஒரே நாளில் முடித்துத் தருவதாக இன்னொருவர் 60 ஆயிரம் கேட்கிறார். எங்கள் தெரு 14 அடி. வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. கிரேன் வந்தால் பயமே இல்லை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்:

அம்மாவுக்கு வணக்கம்.

உங்களிடம் விலை சொன்னவர்கள் அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்துப் பார்த்தார்களா? கிரேன் எந்த இடத்தில் நிற்கும், அங்கிருந்து மரம் எத்தனை அடி என்று அளந்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்ன விலை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 25 ஆயிரத்தையும் நம்ப வேண்டாம், 60 ஆயிரத்தையும் நம்ப வேண்டாம்.

நான் கலாசியாக, அதாவது சுமை கட்டி ஏற்றி இறக்கும் ஆளாகச் சேர்ந்து, பிறகு மேற்பார்வைக்கு வந்து, 24 வருடமாகக் கிரேன் வேலையில் இருக்கிறேன். கட்டடங்களுக்கு நடுவில் நிற்கும் பெரிய மரத்தை இறக்கக் கிரேன் நல்ல வழிதான். கயிற்றில் இறக்கினால் துண்டு கொஞ்சமாவது விழுந்து, கயிறு வெடுக்கென்று இழுத்த பிறகுதான் நிற்கும். கிரேனில் அது விழுவதே இல்லை. அறுபட்ட இடத்திலிருந்து மெல்ல மேலே கிளம்பி, கூரைக்குப் படாமல் விலகி, காலியான இடத்தில் போய் உட்காரும். ஆனால் தன் கொக்கியில் தொங்குவது எத்தனை கிலோ என்பது, ரம்பம் கடைசி நாரை அறுத்த பிறகுதான் கிரேனுக்குத் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை. அறுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இயந்திரத்தையோ இரும்புத் தூணையோ தூக்கும்போது எடை எழுதிய சீட்டு கூடவே வரும். மரத்துக்குச் சீட்டு கிடையாது. முந்தின நாளே நாம் உட்கார்ந்து எழுத வேண்டும். பாதுகாப்பு என்பதில் பெரும்பகுதி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

முதலில், வெட்டத்தான் வேண்டுமா? இப்போதெல்லாம் வேப்பமரம் நுனி கருகி நிற்பதைப் பார்த்ததும் பட்டுப்போய்விட்டது என்று ஆள் கூப்பிடுகிறார்கள். அது பூஞ்சையால் வரும் நுனிக்கருகல். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும் மரங்களை வெட்டிச் சாய்த்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்கள் விஷயம் அப்படியில்லை. அடியில் தட்டுக் காளான் வந்தால் உள்ளே வைரம், அதாவது நடுமரம், உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று கேட்கும், கூடான இடத்தில் பானையைத் தட்டியது போல் கேட்கும். ஓரத்தில் மிஞ்சியிருக்கும் நல்ல மரத்தின் கனம், ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் ஆபத்து என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. மெல்லிய துரப்பணத்தால் இரண்டு மூன்று இடத்தில் துளைத்தால் அது தெரிந்துவிடும். உள்ளே கெட்டியாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்த கொப்புகளை மட்டும் கழித்துவிட்டு மரத்தை நிறுத்திக்கொள்ளலாம். அப்படி அமைந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

கூடாக இருந்தால் கயிற்றுக் குழு வேண்டவே வேண்டாம். அவர்கள் கைதேர்ந்தவர்களாகவே இருக்கலாம். ஆனால் கயிற்றில் இறங்கும் ஒவ்வொரு துண்டின் உதறலும் அதே உளுத்த அடிமரத்தில் போய்த்தான் விழும். அந்த மரத்திலேயே ஒரு மனுஷன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

சரி, எடைக்கு வருவோம். இதை நீங்களே கணக்கிடலாம், ஆசிரியை வேறு. தையல்காரர் டேப்போ நூலோ எடுத்து மரத்தின் சுற்றளவை அடிக் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 12.5-ஆல் வகுத்தால் ஒரு அடி நீளத்தில் எத்தனை கன அடி மரம் என்று வந்துவிடும். சுற்றளவு 10 அடி என்றால் 8 கன அடி. பச்சை மரம் கன அடிக்குச் சுமார் 30 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சி கொஞ்சம் குறையும், புளி கூடும். குறைவதற்காக நான் கணக்கைக் குறைப்பதில்லை. ஆக ஒரு அடி நீளத்துக்கு 240 கிலோ. பத்தடித் துண்டு போட்டால் 2,400 கிலோ. அதே மரத்தில் 5 அடிச் சுற்றளவுள்ள கொப்பு என்றால் அடிக்கு 60 கிலோதான். சுற்றளவு பாதியானால் எடை காலாகிறது, பாருங்கள். இலையும் சிறு குச்சியும் இதற்கு மேல். மழை பெய்து ஊறியிருந்தால் அதற்கும் மேல்.

இந்த இடத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மரக்கடைக்காரர்கள் கன அடி போடும் முறை வேறு. சுற்றளவில் நாலில் ஒன்றை எடுத்து, அதையே அதால் பெருக்குவார்கள். 10 அடிச் சுற்றளவுக்கு அந்தக் கணக்கில் ஆறேகால் கன அடிதான் வரும், எட்டு வராது. அறுவையில் வீணாகும் மரத்தைக் கழித்துத்தான் அந்த முறையே வந்தது. விலை பேச அது சரி. ஆனால் கொக்கியில் தொங்கும்போது பட்டையும் பக்கப்பலகையும் சேர்ந்துதான் தொங்கும். மரம் வாங்க வருகிறவரே வெட்டவும் வந்தால், அவர் மனசில் ஓடுவது மரக்கடைக் கணக்கு. ஐந்தில் ஒரு பங்கு எடை அதிலேயே காணாமல் போகும்.

அடுத்து, கிரேன் எங்கே நிற்கும்? ‘14 டன் ஹைட்ரா’ என்றால் 14 டன் தூக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சுமை வண்டியின் மூக்கை ஒட்டி இருக்கும்போது மட்டும்தான் அந்த 14. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கிற பெண்ணிடம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் தாங்காது. பூம், அதாவது கிரேனின் நீண்ட கை, தள்ளிப் போகப் போகத் திறன் மளமளவென்று இறங்கும். எந்தத் தூரத்தில், பூம் எத்தனை நீளத்தில், எத்தனை கிலோ என்று ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு அட்டவணை உண்டு. லோடு சார்ட் என்பார்கள். கேபினிலேயே இருக்க வேண்டும்.

உங்கள் வாசலில் ஹைட்ரா நின்றால் முன்வாசல், வீடு, கொல்லை எல்லாம் தாண்டி மரத்துக்கு 50 அடியாவது இருக்கும் என்று நினைக்கிறேன். மாடியைத் தாண்டிப் பூம் அங்கே எட்டுவதே சந்தேகம். எட்டினாலும் தூக்குவது சில நூறு கிலோவாகத்தான் இருக்கும். இன்னொன்று, ஹைட்ராவின் பூம் தனியாகச் சுழலாது; வண்டி திரும்பினால்தான் பூமும் திரும்பும். 14 அடித் தெருவில் கொப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டி எங்கே திரும்பும்? உங்கள் வேலைக்கு நாலு பக்கமும் ஜாக்கிக் கால் விரிக்கிற, பூம் சுழலும் பெரிய கிரேன்தான் வேண்டும். அதன் கால்களை முழுதாக விரிக்க 20 அடிக்கு மேல் அகலம் வேண்டும். பாதி விரித்தும் நிறுத்தலாம், ஆனால் அதற்கு அட்டவணையே வேறு. திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகத் தெரு உதவாது. பின்மனைதான் இடம்.

அந்த மனைக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, அங்கே முன்பு கிணறு இருந்ததா என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். மதுரையில் எத்தனையோ மனைகளில் கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடி, மேலே ஒரு சாண் மண்ணைப் பரப்பி விற்றிருக்கிறார்கள். மேலே நடந்தால் தெரியாது. தூக்கும்போது சுமை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஒரு காலிலேயே மொத்த எடையில் பாதிக்கு மேல் இறங்கும். உங்கள் கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடைக் குழாய் எங்கே போகிறது என்பதையும் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். மலையடிவாரம், கீழே பாறைதான் என்று பசுமலையில் எல்லோரும் சொல்வார்கள். பாறை இருக்கலாம், அதன் மேல் கொட்டிய மண் எத்தனை அடி என்பதுதான் கேள்வி. கடப்பாரையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியாகவே இருந்தாலும் ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த இரும்புத் தகடோ அடுக்கிய மரக்கட்டையோ போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன் தல்லாகுளம் பக்கம் ஒரு வீட்டில் புளியமரம் இறக்கினோம். சந்து அகலமானது, மரமும் பக்கத்தில், ஹைட்ராவே போதும். ஒரு கவையை 900 கிலோ என்று கணக்குப் போட்டிருந்தேன். அறுத்துக்கொண்டிருந்த தம்பி மேலிருந்து குரல் கொடுத்தான்: “அண்ணே, பொறி பறக்குது, ரம்பத்துப் பல்லு போச்சு.” ஆணியாக இருக்கும், சங்கிலியை மாற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளி அறு என்று சொன்னேன். அறுத்தான். துண்டு மேலே எழும்பவில்லை. பூம் ஒரு முறை தலையை ஆட்டியது, வண்டியின் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு ஜாண் கிளம்பி நின்றன. ஆபரேட்டர் பதறாமல் கயிற்றை மட்டும் மெல்ல விட்டார். துண்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, மூன்றடிச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர்களைக் காலையிலேயே வெளியே அனுப்பியிருந்ததால் யாருக்கும் காயமில்லை.

பிறகு அந்தத் துண்டைப் பிளந்து பார்த்தோம். உள்ளே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்த வீட்டுத் தாத்தா எந்தக் காலத்திலோ பொந்தை அடைத்திருக்கிறார். பட்டை இரண்டு பக்கமும் உதடு மூடுவது போல வளர்ந்து சேர்ந்துவிட்டது. வெளியே ஒரு தழும்பு மட்டும் இருந்தது, அதை நான் பார்த்தும் விசாரிக்கவில்லை. அந்தப் பொறிதான் மரம் எனக்குச் சொன்ன எச்சரிக்கை. அதற்கப்புறம் ரம்பத்தில் பொறி கண்டால் வேலையை நிறுத்திவிட்டு மறுகணக்குப் போடுகிறேன். ஆகவே உங்களையும் கேட்கிறேன்: உங்கள் கணவர் எப்போதாவது பொந்தை சிமென்ட் வைத்து அடைத்தாரா? ஊஞ்சல் சங்கிலி, துணிக்கொடிக் கொக்கி, பந்தல் கம்பி ஏதாவது உள்ளே புதைந்திருக்குமா? நினைவிருப்பதை எல்லாம் வேலைக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை நாளன்று நீங்கள் கிட்டே வரக்கூடாது. ஆனால் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளச் சில விஷயங்கள் உண்டு. துண்டைக் கட்டும் நாடாப் பெல்ட்டின் நிறத்திலேயே அதன் பலம் இருக்கிறது. ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். சுருக்குப் போட்டு இறுக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்; பச்சைப் பெல்ட் 1.6 டன்தான் தாங்கும். நாடாவில் தையல் பிரிந்திருந்தாலோ ஓரம் கிழிந்திருந்தாலோ அதை ஓரமாகப் போட வேண்டியதுதான். இரண்டு பெல்ட் போடும்போது கொக்கியிலிருந்து அவை நெருக்கமாக இறங்க வேண்டும். கூடாரம் போல அகல விரிந்து, கிடைமட்டத்துக்கு 30 டிகிரி வரை படுத்துவிட்டால், ஒவ்வொரு பெல்ட்டும் துண்டின் முழு எடையையும் தாங்க வேண்டிவரும். இரண்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் ஏமாறுகிற இடம் இது.

கட்டிய பிறகு, கொக்கி துண்டின் நடு எடைக்கு நேர் மேலே வர வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் அறுபட்ட மறுகணம் துண்டு ஊஞ்சலாடும். ஆடுகிற வழியில்தான் ஆள் நிற்பான். அறுக்கும் முன்பே கயிற்றை இழுத்து, கணக்கிட்ட எடையளவுக்கு விறைப்பு ஏற்றிவைப்பார்கள். தொய்வாக விட்டால் துண்டு விழுந்து கிரேனை உலுக்கும். கூடுதலாக இழுத்தால் அறுபட்டதும் மேல்நோக்கித் துள்ளும், அல்லது அறுத்து முடிக்கும் முன்பே நார் நாராகக் கிழியும். நல்ல ஆபரேட்டர் முதலில் சின்னக் கொப்பாக எடுப்பார். கேபினில் உள்ள எடை மீட்டர் காட்டுவதைக் காகிதத்தில் இருப்பதோடு ஒப்பிடுவார். 300 என்று எழுதியது 380 காட்டினால், மிச்சத் துண்டுகளின் நீளத்தை எல்லாம் குறைத்துவிடுவார். அந்த மீட்டர் வேலை செய்யாத வண்டியையோ, அலாரத்தை அணைத்துவிட்டு ஓட்டுபவரையோ கொல்லைக்குள் விடாதீர்கள்.

சைகை காட்ட ஒரே ஒருவர். ஆபரேட்டர் அவரை மட்டும்தான் பார்க்க வேண்டும். ‘நிறுத்து’ என்று மட்டும் யார் சொன்னாலும் நிற்க வேண்டும், தூரத்தில் நின்று பார்க்கும் நீங்கள் சொன்னாலும்.

அறுப்பவர் அறுபடும் துண்டில் தன்னைக் கட்டிக்கொள்ளக் கூடாது. உங்கள் மரம் கூடாக இருந்தால் அவர் மரத்திலேயே ஏறக்கூடாது. ஆள் நிற்கும் கூடை வைத்த பூம் லிஃப்ட் என்று தனி வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. அதில் நின்று அறுக்க வேண்டும். செலவு கூடும். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கிரேன் கொக்கியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒருவர் மேலே போவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுங்கள். நம் ஊரில் இது வெகு சாதாரணமாக நடக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.

மின்சாரம் பற்றிச் சொல்ல வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் உங்கள் பகுதி உதவி மின்பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தி வாங்குங்கள். கிரேன்காரர் ‘பார்த்து எடுத்துக்குறேன்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நிறுத்திய பிறகும் யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது கம்பியில் மின்சாரம் திரும்பி வரலாம். அதனால் லைன்மேன் கம்பியை எர்த் செய்துவிட்டுச் சொன்ன பிறகுதான் பூம் எழும்ப வேண்டும். அப்படியும் பூம் கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும். உதவப் போகிறேன் என்று யாரும் வண்டியைத் தொடக்கூடாது.

மரத்தில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று உச்சி வரை பார்த்துவிடுங்கள். ரம்பச் சத்தத்துக்குக் கலைந்தால் தெருவே ஓட வேண்டியிருக்கும். பொந்தில் கிளிக்குஞ்சோ ஆந்தையோ இருந்தால் பறந்து போகும் வரை சில வாரம் பொறுங்கள்.

மரம் உங்கள் மனைக்குள் நிற்பதால் உங்கள் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொது இடத்து மரமாக இருந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடமுடியாது. பக்கத்து வீட்டுச் சுவர்களை முந்தின நாளே தேதியோடு படம் எடுத்துவையுங்கள். பழைய விரிசல் எது, புதிய விரிசல் எது என்ற பேச்சே வராது. அன்று காலை முதல் மாலை வரை அவர்கள் குடும்பமும் நீங்களும் வேறு வீட்டில் இருக்க வேண்டும். கிரேனின் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், சோதனைச் சான்று, வேலையாட்களுக்கான விபத்துக் காப்பீடு, நாலையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

எப்போது செய்வது? ஆடிக் காற்றில் வேண்டாம். இலையோடு தொங்கும் கொப்பு பாய் விரித்த படகு மாதிரி; காற்று அதைப் பிடித்து இழுக்கும், பூமும் கூடவே போகும். ஐப்பசி மழை வந்தால் பின்மனை மண் இளகிவிடும். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள், விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறும் முன் பெரிய துண்டுகளை முடித்துவிடுவது நல்லது. அதுவரை கொல்லையில் யாரும் உட்கார வேண்டாம். மரத்துப் பக்கத்து அறையில் படுக்கிறீர்கள் என்றால் கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிடுங்கள். துளைத்துப் பார்த்ததில் மரம் மிக மோசம் என்று தெரிந்தால் மட்டும், ஆடியிலேயே காற்று அடங்கியிருக்கும் ஒரு விடியற்காலையில் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியில் தூர் மிஞ்சும். கிரேன்தான் வந்திருக்கிறதே, வேரோடு பிடுங்கிவிடலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கூடாது. வேர் பிடித்திருக்கும் பலம் எந்தக் காகிதத்திலும் அடங்காது. திடீரென்று விட்டுவிட்டால் பூம் பின்னுக்கு அடிக்கும், வேர் உங்கள் அஸ்திவாரத்தையும் சேர்த்து இழுக்கும். தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், தானாக மக்கட்டும்.

உங்கள் கணவர் வைத்த மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேல்பகுதியில் கெட்டியான ஒரு பத்தடித் துண்டு எப்படியும் தேறும். அதை விறகுக்குப் போகாமல் தனியாக இறக்கிவைக்கச் சொல்லுங்கள். அறுவை மில்லில் பலகை போட்டு ஒரு வருடம் நிழலில் உலரவிட்டால் திண்ணைப் பலகைக்கு ஆகும்.

அடிமரச் சுற்றளவு, மார்பளவு உயரத்தில். பின்மனை நடுவிலிருந்து மரம் வரை எத்தனை அடி. அங்கே கிணறு இருந்ததா. இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள், எந்தக் கிரேன் கேட்க வேண்டும் என்று அடுத்த வாரமே எழுதுகிறேன்.